கழுவித் துடைத்துக் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள்

எங்கள் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். வாகன மின்வேலை செய்து ஓய்ந்த பெண் என்பதால் நானும் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். கேட்டு வந்த ஆசிரியை, "அன்ரி, உங்கடை சாதனையளை எழுதுங்கோ, பிள்ளையளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். சாதனை எழுதலாம் என்று இருந்தால் பேனை ஓடவில்லை. நான் திருத்தி ஓடிப்போன வாகனங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. ஓடினது ஓடிவிட்டது, அதை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? மனதில் கிடப்பது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான். அதைத்தான் எழுதப்போகிறேன். உற்சாகம் வேண்டுமென்றால் மலரின் வேறு பக்கங்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் பழகியது பெரிய கதை இல்லை. சண்டைக்காலத்தில், வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய நாட்களில், பெண்பிள்ளைகளுக்கென்று பயிற்சி வகுப்புகள் வைத்தார்கள். தையல் வகுப்பில் இடம் முடிந்துவிட்டது. மிஞ்சியது வாகன மின்வேலை. ஆறு மாதம் படித்தேன், பிறகு ஒரு கராஜில் ஒன்பது வருஷம்.

அந்தக் கராஜில் எங்களுக்கு மேலே இருந்தவர் சின்னராசா அண்ணை. ஏசமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாகனம் வந்து நின்றதும் நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். சாரதி கதை சொல்லி முடிக்கும்வரை ஒரு வயரையும் தொடக்கூடாது. அவர் கேட்பதும் வேறு விதமாக இருக்கும். "எந்த இடத்திலை லைற் அணைஞ்சு நூருது? ஏத்தத்திலையோ, இறக்கத்திலையோ? பின்னாலை ஆர் இருந்தது? என்ன சாமான் ஏத்தியிருந்தனீர்?" ஒருமுறை விறகு லொறிக்காரர் ஒருவர், எங்களுக்கு வேலை சுகமாக இருக்கட்டும் என்று விறகையெல்லாம் இறக்கிவிட்டு வெறும் லொறியோடு வந்தார். சின்னராசா அண்ணை மீற்றரைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "திருப்பி ஏத்திக்கொண்டு வாரும். வெறும் லொறியிலை எனக்கு என்ன வேலை?" என்று சொல்லித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். நாங்கள் ஒளித்துநின்று சிரித்தோம். அந்த மனிசன் அன்றைக்கு மின்வேலை முழுவதையும் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போனார் என்பது எனக்கு விளங்க வருஷக்கணக்காகச் சுணங்கிவிட்டது. கடைசி இடப்பெயர்வில் பிரிந்தோம். அதன்பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பரந்தனில் எங்கள் வளவுக்குள் நாலு தகரம் போட்டுச் சொந்தமாகத் தொடங்கினேன். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான். வயரிங் என்றால் அந்த அக்காவிடம் போ என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜெறோம் என்னிடம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை, வயது முப்பத்தைந்து இருக்கும். விடியக் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் கரையாத பெரிய றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் என்று விற்றுக்கொண்டு பரந்தன்வரை வருவார். அதற்கு முந்திய வருஷம் ஒரு சந்தியில் பின்னுக்கு றிவேர்ஸ் எடுத்த கார் ஒன்று அவரை இடித்தது. கார்க்காரர் முந்திக்கொண்டு முறைப்பாடு செய்ய, பிழை இவர் தலையில் விழுந்தது. அதைக் கேள்விப்பட்டு, பிரான்சில் இருக்கும் தமையன் மோட்டார் சைக்கிளில் பூட்டுகிற கமரா ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். முன்னுக்கு ஒரு கண், பின்னுக்கு ஒரு கண், சீற்றுக்குக் கீழே பதிவுசெய்யும் பெட்டி.

"அக்கா, இனி ஆரும் பொய் சொல்லேலாது" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

எங்கள் வீடு சைவம். கொட்டிலுக்குள் பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீன்தண்ணி சொட்டச் சொட்ட மோட்டார் சைக்கிள் உள்ளே வர, எனக்கு மூக்கு சுருங்கிவிட்டது. "தம்பி, இண்டைக்கு வெள்ளி. பெட்டியைக் கழட்டி வெளியிலை வைச்சிட்டு வாரும்" என்றேன். கோபத்தில் சொன்னதில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம் கறுத்துவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, நான் யோசிக்கேல்லை" என்று போல்ட் கழற்றும் சாவியை எடுத்து, பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் நாலு போல்டையும் கழற்றி, சட்டத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே வைத்தார்.

கமராவுக்குச் சிவப்பு வயர், கறுப்பு வயர் என்று இரண்டு. சிவப்பை, திறப்புப் போட்டு முறுக்கினால் மட்டும் மின் வருகிற ஹோர்ண் வயரில் எடுத்து, நடுவில் பியூஸ் வைத்தேன். அது சரியான வேலை. கறுப்பு எர்த். மின் திரும்பிப் போகிற வழி. அதை நேரே பற்றரியின் மறைமுனையான நெகற்றிவுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்குப் பக்க மூடியைக் கழற்ற வேண்டும், மூடியின் ஸ்குரூ ஒன்று தேய்ந்துபோய் அடம்பிடித்தது. சீற்றுக்குக் கீழே பார்த்தால், ஜெறோம் இப்போதுதான் கழற்றிய போல்டின் துவாரம் பளிச்சென்று வெறும் இரும்பாக இருந்தது. வண்டியின் உடலே பற்றரியோடு தொடர்புதானே என்று கறுப்பு வயரின் வளையத்தை அந்த போல்டுக்குக் கீழே கொடுத்துவிட்டேன். "பெட்டியைப் பூட்டேக்கை இதையும் சேர்த்து இறுக்கும்" என்றேன். கமரா எரிந்தது, படமும் துப்பரவாக வந்தது. சோம்பல் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். "அக்கா, ஓடேக்கை நூருது. பிறகு தானா வருது. வந்து படம் பிடிக்கத் தொடங்க அரை நிமிசம் எடுக்குது."

மோட்டார் சைக்கிள் தோய்த்து உலர்த்தியதுபோல நின்றது. பெட்டி இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, சவர்க்காரம் போட்டு, துணியால் துடைத்திருந்தார். நான் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு ஒரு தரம் சொன்னதே போதும். கரையில் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அவ்வளவு தூரம் வெறுமனே வந்திருக்கிறார், அதுவும் வியாபாரம் இல்லாத நாள் பார்த்து. நல்ல வளர்ப்பு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பற்றரி பார்த்தேன், நல்லாக இருந்தது. ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன், கமரா அசையவில்லை. பியூஸ் கூட்டை மாற்றினேன். ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினேன். கறுப்பு வயரையும் மீற்றர் வைத்துப் பார்த்தேன், துளிக் குறை இல்லை. அரைமணி நேரம் என்ஜினை ஓடவிட்டேன். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவரும் பார்த்தார். கமராவின் சிவப்பு வெளிச்சம் ஒருதரம்கூட நூரவில்லை.

இரண்டாம் முறையும் அப்படித்தான். பன்னிரண்டு வோல்ற்றை ஐந்தாகக் குறைக்கும் சிறு பெட்டியை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் முறை எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் கைக்குள் வந்தால் குழப்படி இல்லாமல் நிற்கிறது, இவர் கைக்குப் போனால் நூருகிறதா? "தம்பி, வயரிங் பத்தரை மாத்துத் தங்கம். பிழை உம்மடை கமராவிலைதான். தமையனிட்டைச் சொல்லி வேறை எடுப்பியும்" என்றேன்.

"சரி அக்கா. நூந்தாலும் வருதுதானே, இருக்கட்டும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னது, விளக்கமறியல் சிறையில் இருந்து பிணையில் வந்த பிறகு. காலை பத்தரை மணி, விசுவமடு தாண்டி. முன்னால் செல்வராசா என்ற வயதாளி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், பக்கத்து ஊரில் வயல் செய்கிற கமக்காரர். பின்னாலிருந்து வந்த வான் ஒன்று ஜெறோமை முந்தி, திரும்ப ஓரத்துக்கு எடுக்கையில் சைக்கிளைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஜெறோம் மோட்டார் சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு ஓடினார். ஆளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவுக்குக் கை காட்டினார். சனம் வரும்போது கண்டது இதுதான்: விழுந்து கிடக்கும் சைக்கிள், விழுந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள், சட்டையெல்லாம் இரத்தத்தோடு மீன்காரன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வயதாளி இறந்துவிட்டார்.

"நான் பயப்பிடேல்லை அக்கா" என்றார். "கமரா இருக்கு, எடுத்துப் பாருங்கோ எண்டு நான்தான் பொலிசுக்குச் சொன்னனான்."

எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தருமபுரத்துக்கு வரும் நேர்வீதி, தூரத்தில் ஒரு சைக்கிள், அவ்வளவோடு அந்தப் படத்துண்டு முடிகிறது. அடுத்த துண்டு தொடங்கும்போது சனம் கூடி நிற்கிறது, யாரோ மோட்டார் சைக்கிளை நிமிர்த்துகிறார்கள். இடையில் ஒன்றும் இல்லை. வானும் இல்லை. அழித்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. கமரா இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னதே அவருக்கு வினையாகிவிட்டது. அந்த வீதியில் அவரிடம் மீன் வாங்க ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. அவருடைய பிள்ளையிடம் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், உன்ரை அப்பாவோ அந்தக் கொலைகாரன் என்று.

இதைச் சொல்லும்போது அவர் என் கொட்டிலில்தான் இருந்தார். மோட்டார் சைக்கிள் வழக்கம்போலக் கழுவித் துடைத்து, வெறுமனே நின்றது. எனக்குக் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. அத்தனை முறை வந்த மனிதரிடம் அன்றைக்குத்தான் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"பெட்டி எங்கை?"

"வீட்டை அக்கா. இஞ்சை கொண்டு வாறேல்லைத்தானே."

"ஒரு கிழமைக்குப் பெட்டியோடை ஓடும். ஒண்டையும் கழட்டாதையும், கழுவாதையும். பிறகு ஐஸ், மீன் எல்லாத்தோடையும் அப்பிடியே இஞ்சை வாரும்."

"ஒரு கிழமையெண்டால் அதுவும் வெள்ளியெல்லே அக்கா?"

"வெள்ளியெண்டால் என்ன? வாரும்."

வந்தார். பெட்டியின் அடித்துவாரத்தில் செருகியிருந்த துணி வழியாக உப்புத்தண்ணி சொட்டுச் சொட்டாக நேரே அந்த போல்டின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனையிலும், மற்றதைக் கமராவின் கறுப்பு வயரிலும் வைத்தேன். நல்ல எர்த் என்றால் அங்கே ஒன்றும் காட்டக்கூடாது. அவரை ஏறி இருக்கச் சொல்லிவிட்டு, வீதிக் குழியில் விழுந்தெழும்புவதுபோலப் பெட்டியை மேலும் கீழும் ஆட்டினேன். நாலு வோல்ற் காட்டியது. ஒன்பது காட்டியது. பன்னிரண்டுக்குப் பாய்ந்தது, கமராவின் வெளிச்சம் நூர்ந்தது. ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. போல்டைக் கழற்றினால் என்னுடைய வளையம் துருவுக்குள் புதைந்து கிடந்தது. பாரம் ஏற ஏறச் சட்டம் பின்னுக்குச் சரிந்து அதைக் கிளப்பியிருக்கிறது.

ஜெறோம் குனிந்து பார்த்தார். "இந்த போல்டோ? இஞ்சை வரமுந்தி ஒவ்வொருக்காலும் இதை நான் கழட்டித் துடைச்சு, திருப்பி இறுக்கிப் போட்டெல்லோ வாறனான்?"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. என் வீட்டுக்கு மரியாதை செய்யப்போய், பிழையைத் தன் கையாலேயே திருத்திவிட்டு, பிழை இல்லாத மோட்டார் சைக்கிளை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். நானும் இல்லாத பிழையை மீற்றர் வைத்துத் தேடியிருக்கிறேன்.

"அப்ப நான் கழுவாமல் வந்திருந்தால்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும். நான் உள்ளே போய்க் குசினிக்குள் நின்று அழுதேன். ஒரு சொல், மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்ன ஒரே ஒரு சொல். வெளியே வந்தபோது அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்: "விடுங்கோ அக்கா. நிப்பாட்டாமல் போயிருந்தால் இந்த வில்லங்கம் இல்லை எண்டு எல்லாரும் சொல்லீனம். நிப்பாட்டாமல் போக எனக்கு ஏலாது. அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

அவருடைய சட்டத்தரணியிடம் நானே போனேன். கமராவின் நினைவட்டையில் இருக்கும் பழைய துண்டுகளையும் பார்க்கச் சொன்னேன். வியாபார நாட்களில் எல்லாம் பதிவு அறுந்து அறுந்து கிடந்தது. என்னிடம் வந்துபோன நாட்களில் மட்டும் ஒரு இடமும் அறவில்லை. அழிக்கிறவர் மாதக்கணக்காகவா பழகிப்பார்ப்பார்?

வழக்குத் தவணையன்று சாட்சிக்கூட்டில் ஏறினேன். மற்றப்பக்கத்துச் சட்டத்தரணி கேட்டார், "இந்தத் தொழிலில் எவ்வளவு காலம்?"

"இருபது வருஷம்."

"இருபது வருஷ அனுபவம் உள்ள நீங்கள் இப்படி ஒரு சின்னப் பிழையை விட்டீர்கள் என்று மன்று நம்பவேண்டுமா?"

"விட்டனான், ஐயா. அதோடை மூண்டுதரம் அவர் வந்து சொல்லியும் நான் கேக்கேல்லை."

மன்றில் பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தது. சைக்கிளில் இருந்த பெயின்ற் தடமும் மோட்டார் சைக்கிளின் நிறத்தோடு ஒத்துவரவில்லை. ஜெறோமை வழக்கிலிருந்து விடுவித்தார்கள். ஊர் விடுவித்ததா என்று கேட்டால், இல்லை. அவர் இப்போது அந்த வீதிக்கு வருவதில்லை, கரையோடு விற்றுக்கொண்டு இருக்கிறார். வான் இன்றுவரை அகப்படவில்லை. நானும் அந்த மாதத்தோடு கொட்டிலை மூடினேன். கையில் நடுக்கம் என்று வந்தவர்களுக்குச் சொன்னேன், கையில் ஒன்றும் இல்லை.

அன்று மன்று கலைந்து வெளியே வரும்போது இறந்தவரின் மனைவி பரமேஸ்வரி அம்மா படிக்கட்டடியில் நின்றார். எல்லாத் தவணைக்கும் வந்து ஒரே இடத்தில் இருப்பவர் அவர். நேரே என்னிடம் வந்தார். கமரா நூராமல் இருந்திருந்தால் வானின் நம்பர் அதில் விழுந்திருக்குமா என்று கேட்கப்போகிறார், ஓம் என்று சொல்லத்தான் வேண்டும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"நீங்களோ பிள்ளை அந்தக் கமரா பூட்டினது?"

"ஓம் அம்மா."

"அது படம் மட்டுமோ, சத்தமும் பிடிக்குமோ?"

"சத்தமும் பிடிக்கும்."

"அப்ப எங்கடை அவர் ஏதும் கதைச்சிருந்தால் அதிலை கேட்டிருக்குமோ?"

"கேட்டிருக்கும் அம்மா."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பக்கத்திலை இருந்தது ஜெறோம்தானே அம்மா, அவரைக் கேளுங்கோவன்" என்றேன். எவ்வளவு வேகத்தில் வந்தாய், எந்தப் பக்கத்தால் வந்தாய் என்று அத்தனை மாதமும் எல்லோரும் அவரைக் கேட்டார்கள். இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் கைகாட்டிக் கூப்பிட, ஜெறோம் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஓட்டோ வருமட்டும் என்ரை மடியிலைதான் கிடந்தவர் அம்மா. பசுவை வெட்டைவெளியிலை கட்டிப்போட்டு வந்திட்டன், வெயில் ஏறமுந்தி மாத்திக் கட்டச் சொல்லும் எண்டவர். ரெண்டுதரம் சொன்னவர். உங்களிட்டைச் சொல்லி அனுப்ப எனக்கு ஆரும் இல்லை. அண்டைக்கே என்னை உள்ளுக்குப் போட்டிட்டினம்."

"வெட்டையிலை எண்டோ சொன்னவர்?"

"ஓம் அம்மா. வெட்டையிலை எண்டுதான்."

அந்த அம்மா அப்படியே படியில் குந்திவிட்டார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார்.

"செத்தவீட்டு அமளியிலை ஒருத்தரும் பாக்கேல்லைத் தம்பி" என்றார். "பசு பொழுதுபடுமட்டும் வெயிலுக்கைதான் நிண்டது."